மீராசாவின் மருமகன்

"எங்கட வாப்பாட பேர எங்க இருந்து தம்பி எடுத்தீங்க?"

இருபத்து நான்கு வருடங்களில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. என் கட்டுரையை எடுத்தாண்டவர்களில் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். கலாநிதிப் பட்டம் வாங்கியவர்கள் இருவர் இருக்கிறார்கள். எல்லாரும் அடிக்குறிப்பில் என் பெயரைப் போட்டுவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டார்கள். கடைசியில் கேட்டது றஹீமா ராத்தா. எழுபத்து நாலு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பேத்தி அஸ்பியாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வந்து, என் விறாந்தைக் கதிரையில் அமர்ந்து, தேத்தண்ணி வேண்டாம் என்றுவிட்டு இதைக் கேட்டார்.

அஸ்பியா போனை நீட்டினாள். நெடுவட்டைக் குளத்தின் வரைபடம். குளக்கட்டின் வடக்கு முனையில் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் 'சீனிமுகம்மது உடைப்பு' என்று பெயர். யாரோ ஒருவர் அங்கே போய் வந்து, பின்னேரத்தில் நல்ல காற்று என்று நாலு நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

"இந்தப் பேரு போட்டவர் ஆரெண்டு தேடிப் பாத்தன் மாமா. அவர் ஒரு புத்தகத்தக் காட்டினார். அந்தப் புத்தகம் உங்கடத்தக் காட்டுது" என்றாள் அஸ்பியா.

எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் நெடுவட்டைக் குளக்கட்டு உடைந்து, கீழே இருந்த வாடிக் குடிசைகளில் பதினொரு பேர் செத்தார்கள். உடையவில்லை, தன் வயலைக் காப்பாற்ற ஒருவன் வெட்டிவிட்டான் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. யார் என்றுதான் யாருக்கும் தெரியாது. நான் தபால் கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டே ஊர் வரலாறு தேடித் திரிந்த காலத்தில், கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் பழைய பெட்டிசம் ஒன்றின் காபன் பிரதியைக் கண்டுபிடித்தேன். வெள்ளம் வடிந்த கையோடு விவசாயிகள் அரசாங்க அதிகாரியான டி.ஆர்.ஓ.வுக்கு எழுதிய முறைப்பாடு. அதை வைத்துத்தான் இரண்டாயிரத்து ஒன்றில் பள்ளிவாசல் நூற்றாண்டு மலரில் அந்தக் கட்டுரையை எழுதினேன். குளக்கட்டை வெட்டியவர் சீனிமுகம்மது என்று முதலில் அச்சில் சொன்னவன் நான்தான். சீனிமுகம்மது, றஹீமா ராத்தாவின் வாப்பா.

"ஆதாரம் இல்லாம நான் ஒண்டும் எழுதுறல்ல ராத்தா" என்றேன். உள்ளே போய் அலுமாரியின் அடித்தட்டில் இருந்த பழைய கொப்பியைத் தூசி தட்டிக் கொண்டுவந்தேன். அந்தப் பெட்டிசத்தைக் கடற்கரை வீட்டிலேயே இருந்து, சொல்லுக்குச் சொல் கையால் எழுதி எடுத்த கொப்பி. பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியைச் சரிசெய்து, உரக்கவே வாசித்தேன்.

"வட்டை விதானை மீராசா என்பவர் சுகயீனமாய்ப் படுத்திருக்க, அவர் மருமகன் தன் வயலைக் காக்க வேண்டிக் கட்டின் வடக்குத் தலைப்பை வெட்டிவிட்டபடியால்..."

நிறுத்தினேன். திரும்பவும் வாசித்தேன், இந்தத் தடவை மனதுக்குள். மறுபக்கத்தையும் புரட்டினேன். எங்கும் பெயர் இல்லை. 'அவர் மருமகன்'. அவ்வளவுதான்.

மலரை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே வசனம், மேற்கோள் குறிக்குள், 'அவர் மருமகன் சீனிமுகம்மது தன் வயலைக் காக்க வேண்டி' என்று அச்சாகியிருந்தது.

எப்படி வந்தது என்று அந்த நிமிடமே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்குத் தாய் வீட்டைக் கொடுப்பார்கள். அடுத்தடுத்த மகள்களுக்கு அதே வளவுக்குள் வீடு கட்டுவார்கள். மாமனார் படுத்துவிட்டால் வயல், வட்டை, பள்ளிவாசல் அலுவல் எல்லாவற்றையும் மூத்த மருமகன்தான் பார்ப்பார். வட்டை விதானை என்றால் வயல்வெளிக்கும் அதன் தண்ணீருக்கும் பொறுப்பானவர். மீராசாவுக்கு நாலு மருமகன்மார், மூத்தவர் சீனிமுகம்மது. இது எங்கள் ஊரில் குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் யோசிக்காமல் பெயரை உள்ளே வைத்தேன். வெளியூர்க்காரன் எவனாவது எழுதியிருந்தால் பெயர் தெரியவில்லை என்று விட்டுவிட்டுப் போயிருப்பான். முப்பது வருடக் கந்தோர் வாழ்க்கையில் விலாசம் இல்லாத கடிதத்தை நான் யார் வீட்டிலும் போட்டதில்லை. இதை மட்டும் போட்டேன்.

"ராத்தா, இதுல பேரு இல்ல. நான்தான் போட்டிரிக்கன்" என்றேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் தம்பி. அண்டைக்கி லுஹர் தொழுகக்கிப் பொறகு தண்ணி எங்கட வாசலுக்கு வந்திச்சி. வாப்பா என்னத் தோளில தூக்கிக்கிட்டுப் பள்ளிவாசலுக்குப் போன. தண்ணி அவருட நெஞ்சு மட்டும். மாடியில என்ன இருத்திப்போட்டு, அஸர் பாங்கு சொல்ல ஆள் இல்லாம அவருதான் சொன்ன. கட்டு உடஞ்ச சத்தம் அவரு பாங்கு சொல்லி முடியிறத்துக்குள்ளதான் கேட்ட. எனக்கு அப்ப ஆறு வயசு." அஸ்பியாவின் போனைக் காட்டிச் சொன்னார். "வாப்பாவுக்கு நான் ஒருத்திதான். ஆண் புள்ள இல்ல. நான் மவுத்தாகுறத்துக்கு முந்தி இத அழிச்சித் தந்திருங்க."

அழித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஒரு திருத்தம், நாலு வரி. அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

முதலில் கடற்கரை வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். அங்கே வீடு இல்லை. சுனாமி அந்த வீட்டையும் பெட்டிசம் இருந்த பெட்டியையும் அந்த மனிதர்களையும் கொண்டுபோய் இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. உலகத்தில் அந்தப் பெட்டிசத்தைக் கண்ணால் கண்டு, உயிரோடு மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான்.

நற்பிட்டிமுனைக்குப் போய் நல்லரெத்தினத்தைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற அதிபர். என் கட்டுரையை முதலில் எடுத்துத் தன் நூலில் போட்டவர் அவர்தான். அவரைப் பார்த்து மற்றவர்கள் எழுதினார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஊகம் எண்டு போட்டிருந்தா நான் ஊகம் எண்டே எழுதியிருப்பன். நீங்க மேற்கோளுக்குள்ள வச்சிற்றீங்களே முபாறக்."

"ஓம். அதுதான் பிழை."

"பிழை இல்ல, பாவம்" என்றார். பிறகு அவரே இரங்கி, "வாற சனிக்கிழமை ஜவுபர்ட கூட்டம் இருக்கு. நானும் வாறன், கதைப்பம்" என்றார்.

கலாநிதி ஜவுபர் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பிக்கிறவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், நேர்மையான மனிதர். அவர் தலைமையில்தான் பிரதேச வரலாற்று நூலின் இரண்டாம் பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போகப்போகும் நூல். முதற் பதிப்பில் சீனிமுகம்மதுவுக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தார்கள்.

கல்முனையில் ஒரு வாசிகசாலையின் மேல்மாடியில் ஏழு பேர் இருந்தோம். நான் எழுந்து நின்று, பிழை விட்டேன், திருத்துங்கள் என்று சொல்லி, கொப்பியை ஜவுபரிடம் கொடுத்தேன். அவர் அதை மரியாதையாக வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"காக்கா, நீங்க பிழ உட்டதுக்கு என்ன ஆதாரம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "எழுதினவன் நான். நான் சொல்றன். இதுக்கு மேல என்ன ஆதாரம்?"

"கோவிக்காதீங்க. ரெண்டாயிரத்தொண்டுல எழுதின முபாறக்குக்கிட்ட பெட்டிசம் இரிந்திச்சி. இப்ப கதைக்கிற முபாறக்குக்கிட்ட அது இல்ல. ரெண்டு பேருல நான் ஆர நம்புற?"

"கொப்பியில பேரு இல்லயே."

"கொப்பியில திகதியும் இல்ல. நேத்து எழுதினதெண்டு ஒருத்தர் சொன்னா நான் என்ன சொல்லுற? உங்கள நான் அப்படி நினைக்கல்ல. ஆனா மலர்ல திகதி இரிக்கி. அதப் பாத்து எழுதினவங்க பதினேழு பேர்."

"அந்தப் பதினேழு பேரும் என்னத்தான் பாத்து எழுதின."

"அது உண்ம" என்றார் ஜவுபர். உண்மை என்று ஒப்புக்கொண்டார், முடிவை மாற்றவில்லை. அவர் சொன்னது எல்லாமே முறைப்படி சரி. நானே இளம் ஆய்வாளர்களுக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன்.

றஹீமா ராத்தா சொன்ன கதையைச் சொன்னேன். ஆறு வயதுப் பிள்ளையின் ஞாபகம், அதிலும் மகள், வாப்பாவைக் காப்பாற்றத்தானே சொல்வார் என்றார் ஒருவர். இன்னொருவர் மெல்லிய குரலில், "றஹீமா ராத்தாவும் முபாறக் காக்காவும் ஒரே குடிதானே" என்று போட்டார். எங்களுக்குக் குடி தாய் வழியாக வருவது. என் உம்மாவும் அவருடைய உம்மாவும் ஒரே குடி. பள்ளிவாசலில் எங்கள் குடிக்குப் பொறுப்பாக ஒரே மரைக்காயர். உண்மைதான். எனக்கு அது இருபத்து நான்கு வருடங்களுக்கு முன்பும் தெரியும், அப்போது அது என் கையைத் தடுக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன்.

நல்லரெத்தினம்தான் வழி சொன்னார். "பேரை எடுத்துப்போட்டு, மீராசாட நாலு மருமக்களில ஒராள், ஆரெண்டு தெரியா எண்டு போடுவம். அதில பொய் இல்ல. ஊர்ச் சனத்திட்டயும் கேப்பம்."

ஜவுபர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். வரைவைக் குழுவின் வாட்ஸ்அப்பில் பொதுமக்கள் கருத்துக்காகப் போடுவதாக முடிவாயிற்று. எனக்கு வந்த சந்தோஷத்தில், வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி றஹீமா ராத்தாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன். அவர் எனக்காக நீண்ட துஆ ஒன்று கேட்டார்.

புத்தி கெட்டவன் நான். ஒரு வீட்டில் தப்பாகப் போட்ட கடிதத்தை எடுத்து, நாலு வீட்டிலும் ஒரே நேரத்தில் போட்டிருக்கிறேன் என்பது மூன்றாம் நாள் முஸ்பிறா வந்தபோதுதான் விளங்கியது.

முஸ்பிறா, மீராசாவின் இரண்டாவது மருமகன் பக்கீரின் மகள். றஹீமா ராத்தாவுக்குச் சாச்சி மகள், அதே வளவில் அடுத்த வீடு. இரண்டு மகன்மாரோடு வந்தார். மகன்மார் நின்றார்கள், அவர் இருந்தார். சத்தம் போடவில்லை.

"எங்கட வாப்பாவும் பதினொரு பேரக் கொண்டவரா தம்பி?"

"அப்பிடி எழுதல்லயே மச்சி. ஆரெண்டு தெரியா எண்டுதான்..."

"நாலுல ஒண்டெண்டா நாலும்தானே. பள்ளிக்கூடத்துல எண்ட பேரனுக்கிட்ட, உண்ட மூத்தப்பாவா வெட்டினதெண்டு கேட்டிரிக்காங்க." அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "பெரிய வாப்பா மவுத்தாகி அறுவது வருஷம். ஆண் புள்ளயும் இல்ல. அவருட பேரு இவ்வளவு காலமும் கிடந்திச்சி, ஆருக்கு என்ன வந்த? எங்கட மூணு ஊட்டுலயும் பேரப்புள்ளகள் முப்பது பேர். கலியாணம் பேச வாற இடத்துல நாங்க என்னத்தச் சொல்லுற?"

அவர் கேட்டதில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் கொடுமை. ஜவுபர் சரி, முஸ்பிறா சரி, றஹீமா ராத்தா சரி. எல்லாருக்கும் சரியாக இருக்க, நடுவில் ஒரு மனிதன் செய்யாத குற்றத்தோடு மண்ணுக்குள் கிடக்கிறார். அவரை அங்கே வைத்தவன் நான்.

ஒரு கிழமை கழித்து றஹீமா ராத்தாவைப் பார்க்கப் போனேன். மீராசாவின் வளவில் நாலு வீடும் ஒரே வரிசையில் இருக்கின்றன. இடையில் மதில் கிடையாது. பெண்கள் பின்வாசலால் போய்வருவது வழக்கம். நான் உள்ளே வரும்போது மூன்று வீட்டுப் பின்வாசலும் சாத்திக் கிடந்தன.

"நேத்து பக்கத்து ஊட்டுல மவ்லூது ஓதி விருந்து" என்றார் றஹீமா ராத்தா. "சோறு வரல்ல. இந்த வளவுல என்ன ஆக்கினாலும் நாலு ஊட்டுக்கும் போகும் தம்பி. எங்கட உம்மா மவுத்தான அண்டும் வந்திச்சி." அஸ்பியாவின் சின்ன மகள் தனியாக முற்றத்தில் பந்து உருட்டிக்கொண்டிருந்தாள். வழமையாக ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுகிற முற்றம். மற்றப் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று அஸ்பியா சொன்னாள்.

"ராத்தா, நான் ஜவுபருக்கிட்ட இன்னொருக்காக் கதைக்கிறன்" என்றேன்.

"கதைங்க" என்றார். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. இரண்டு அறை அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று தடவை ஜவுபரைத் தேடிப் போனேன். மூன்று பக்கத்தில் ஒரு மறுப்புக் கட்டுரை எழுதி, தெரிந்த பத்திரிகைக்கெல்லாம் அனுப்பினேன். ஒன்றுதான் போட்டது, அதுவும் பாதியை வெட்டி. அதற்குப் பதில் எழுதிய இளைஞன் ஒருவன், 'கட்டுரையாளர் தன் முந்தைய ஆய்வுக்கே முரணாக எழுதுவதன் பின்னணி ஆராயத்தக்கது' என்று முடித்திருந்தான். அடிக்குறிப்பில் என்னையே எனக்கு எதிராக மேற்கோள் காட்டியிருந்தான்.

அப்படியிருக்கும்போதுதான் ஜவுபர் போன் எடுத்தார். "றஹீமா ராத்தா எங்கள வரச்சொல்லியிரிக்கா காக்கா. ஏதோ சொல்லணுமாம். நீங்களும் வாங்க."

ஏதோ கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பழைய பத்திரம், ஒரு கடிதம், அன்று பள்ளிவாசல் மாடியில் நின்ற வேறு யாராவது உயிரோடு இருக்கலாம். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

அஸர் தொழுகை முடிந்த நேரம். றஹீமா ராத்தாவின் மண்டபத்தில் ஜவுபரும், நல்லரெத்தினமும், இன்னும் ஒருவரும் இருந்தார்கள். உள் வாசலில் முஸ்பிறாவும் மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் நின்றார்கள். நான் நுழைந்தபோது எல்லா முகத்திலும் ஒரு அமைதி இருந்தது. அஸ்பியாவை மட்டும் காணவில்லை. ஜவுபர் போனை மேசையில் வைத்துப் பதிவை அழுத்தி, பெயரும் வயதும் கேட்டார். ராத்தா தெளிவாகச் சொன்னார். பிறகு பாடமாக்கிய சூறாவை ஓதுவது போல ஒரே மூச்சில் சொன்னார்.

"ஐம்பத்தேழு வெள்ளத்துல நெடுவட்டக் குளத்துக் கட்ட வெட்டின எங்கட வாப்பா சீனிமுகம்மதுதான். வேற ஆருமில்ல. எங்கட உம்மா மவுத்தாகுறத்துக்கு முந்தி எனக்கிட்டச் சொன்ன. இவ்வளவு நாளும் நான் மறச்சி வச்சிரிந்த."

"ராத்தா" என்றேன். "உங்களத் தோளில தூக்கிக்கிட்டுப் பள்ளிக்குப் போனவரு. பாங்கு சொன்னவரு. நீங்கதானே சொன்ன."

அவர் என்னைப் பார்த்தார்.

"ஆறு வயசுப் புள்ளக்கி என்ன ஞாபகம் இரிக்கப் போகுது தம்பி?"

ஜவுபர் பதிவை நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்து வெளியே விறாந்தைக்குக் கூட்டிப்போனார்.

"காக்கா, உடுங்க. தன்ட வாப்பாவுக்கு மாறா ஒரு மகள் பொய் சொல்ல மாட்டா. இதவிடப் பலமான சாட்சி வரலாற்றுல கிடைக்கிறது அருமை."

"அவ பொய்தான் சொல்றா ஜவுபர்."

"அதுக்கு ஆதாரம்?"

திருமணப் பேச்சு, சாத்திய பின்வாசல்கள், வராத சோறு, தனியாகப் பந்து உருட்டும் பிள்ளை. இதில் எதை அடிக்குறிப்பில் போடுவது? நல்லரெத்தினம் பின்னால் வந்து நின்றார். அவருக்கு விளங்கியிருந்தது, முகத்தில் தெரிந்தது.

உள்ளே முஸ்பிறா ஒரு தட்டத்தில் தேத்தண்ணியும் தொதலும் கொண்டுவந்து வைத்தார். முதல் கோப்பையை றஹீமா ராத்தாவின் கையில் கொடுத்து, அவர் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, பக்கத்திலேயே ஒட்டி அமர்ந்துகொண்டார். முற்றத்தில் பிள்ளைகளின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

ஜவுபர் ஒரு படிவத்தை எடுத்தார். வாய்மொழி வாக்குமூலம் எடுக்கும்போது உடனிருந்தவர் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். முதலில் எழுதியவர் என்ற முறையில் நான் வைத்தால் நூலுக்குக் கனதி என்றார். என்னைக் குத்திக்காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. என்னைக் கௌரவிப்பதாகத்தான் நினைத்தார்.

"நான் வைக்க மாட்டன்" என்றேன்.

றஹீமா ராத்தா கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"வைங்க தம்பி. நான் இன்னம் எத்தின நாளைக்கி? அஸ்பியா இந்த வளவுலதான் இரிக்கணும். வாப்பாக்கிட்ட நான் போய்ச் சொல்லிக்கிறன்."

எனக்கு அழுகை வந்தது. அந்த வயதான பெண்ணுக்கு முன்னால் அழவும் எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. பேனாவை வாங்கினேன். உடனிருந்தவர் என்ற இடத்தில் என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.